பூட்டப்பட்டது எது?

வானூர்க் கடைத்தெருவில் ஒரு கணினி மையம். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அன்றே கடைசி நாள். பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி விண்ணப்பத்தை நிரப்ப அமர்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். இணைய முகவரியைத் தட்டச்சு செய்கையில் ஓர் எழுத்து பிழையாக விழுகிறது. மறுநொடி திரை முழுவதும் சிவக்கிறது. எச்சரிக்கை மணி ஒலிக்கிறது. ‘இக்கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது, உங்கள் வங்கி விவரங்கள் திருடப்படுகின்றன, கணினியை அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும், உடனே கீழ்க்காணும் எண்ணை அழையுங்கள்’ என்று இயந்திரக் குரல் ஒன்று திரும்பத் திரும்பக் கூறுகிறது. சுட்டியை அசைத்தால் அம்புக்குறி தெரியவில்லை. பக்கத்தை மூடும் பொத்தானையும் காணவில்லை. மையத்தின் உரிமையாளர் தேநீர் அருந்தச் சென்றிருக்கிறார். திரையில் எண் இருக்கிறது. அவள் கையில் கைப்பேசி இருக்கிறது.

அவள் அந்த எண்ணை அழைக்கலாமா?

இதற்கு விடை கூறுமுன் வேறொரு வினாவை எழுப்ப வேண்டும். உண்மையில் பூட்டப்பட்டிருப்பது எது? திரையா, கணினியில் உள்ள கோப்புகளா, அன்றி அதன்முன் அமர்ந்திருக்கும் மனிதரா? கணினி வழியாக மிரட்டிப் பணம் பறிப்போர் நாள்தோறும் புதுப்புது வேடம் புனைந்து வருகின்றனர். எனினும் அவர்தம் செயல்களைப் பெரும்பாலும் இம்மூன்றனுள் அடக்கிவிடலாம். மூன்றுக்கும் தீர்வு வேறுவேறு. எனவே எது பூட்டப்பட்டது என்று அறிவதே முதற்பணி ஆகிறது.

வெறும் திரை

மாணவி கண்டது ஓர் இணையப் பக்கம் மட்டுமே. உலாவி தரும் முழுத்திரை வசதியைப் பயன்படுத்தி, முகவரிப் பட்டையும் மூடும் பொத்தானும் மறையுமாறு அப்பக்கம் அமைக்கப்பட்டுள்ளது. அம்புக்குறியை மறைப்பதும் ஒலியை எழுப்புவதும் எளிய நிரல்வரிகளால் ஆகக்கூடியவை. கணினியின் உள்ளே எதுவும் நேர்ந்துவிடவில்லை. நாடகக் கொட்டகையில் திரைச்சீலையில் தீட்டிய நெருப்பு எவரையும் சுடாதது போன்றதே இதுவும்.

இதிலிருந்து விடுபட எஸ்கேப் விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் போதும். முழுத்திரை சுருங்கி, மூடும் பொத்தான் தோன்றும். தோன்றாவிடின் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்த வேண்டும். விண்டோஸ் கணினியில் இயங்கிக்கொண்டிருக்கும் செயலிகளின் பட்டியல் திறக்கும். அதில் உலாவியைத் தேர்ந்து நிறுத்திவிடலாம். அதுவும் இயலாதபோது மின்பொத்தானை அழுத்திக் கணினியையே அணைத்துவிடலாம். அணைத்தால் அழிந்துவிடும் என்பது அந்தப் பக்கம் சொன்ன பொய்களுள் ஒன்று. மீண்டும் உலாவியைத் திறக்கையில், முன்பிருந்த பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் எனல் வேண்டும்.

அழைத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? மறுமுனையில் பணிவான குரல் ஒன்று பேசியிருக்கும். புகழ்பெற்ற கணினி நிறுவனத்தின் பொறியாளர் என்று தம்மை அறிமுகம் செய்துகொண்டு, எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற தொலைக்கட்டுப்பாட்டு மென்பொருள் ஒன்றை நிறுவச் சொல்லியிருப்பார். அவை நேர்மையான பணிக்கென உருவானவை. ஆனால் அவற்றில் தோன்றும் எண்ணை அயலாரிடம் கூறிவிட்டால் வீட்டுச் சாவியைக் கொடுத்ததற்கு ஒப்பாகும். பின்னர் அவர் விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்து காட்டுவார். அதில் சிவப்பும் மஞ்சளுமாகக் குறியிட்ட நூற்றுக்கணக்கான வரிகள் இருக்கும். நன்றாக இயங்கும் கணினியிலும் இத்தகைய சிறு பிழைகள் பதிவாவது இயல்பே. அதை அறியாதவர் தம் கணினி நோயுற்றுக் கிடப்பதாகவே நம்பிவிடுவார். நோயை நம்பியவர் மருந்துக்கு விலை கேட்டால் மறுப்பதில்லை. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் பிழை அறிவிப்புகளில் ஒருபோதும் தொலைபேசி எண்ணைத் தருவதில்லை. இந்த ஒரு செய்தியை அறிந்திருந்தாலே பொய்த்திரையைக் கண்டறிந்துவிடலாம்.

இவ்வேமாற்று எங்கிருந்தோ நம்மை நோக்கி மட்டும் வருவதன்று. நம் நாட்டிலிருந்தும் பிற நாடுகளுக்குச் செல்கிறது. 2023 அக்டோபரில் மத்தியப் புலனாய்வுத் துறை ‘ஆபரேஷன் சக்ரா-2’ என்னும் பெயரில் பல மாநிலங்களில் 76 இடங்களில் சோதனை நடத்தியது. மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்களின் புகார்களும் அச்சோதனைக்குக் காரணமாயின. தொழில்நுட்ப உதவி மையங்கள் என்ற போர்வையில் அழைப்பு மையங்கள் நடத்தி, வெளிநாட்டினரை இவ்வாறே சிலர் ஏமாற்றி வந்தனர்.

கோப்புகள்

இரண்டாவது வகை பொய்யன்று, உண்மையாகவே பூட்டுவது. ரான்சம்வேர் எனப்படும் இதைத் தமிழில் பணயத் தீநிரல் என்று வழங்கலாம். பணயம் என்னும் சொல் சூதில் வைக்கும் பொருளையும் கடனுக்கு ஈடாக வைக்கும் பொருளையும் குறித்து வந்தது. இங்கே ஈடாக வைக்கப்படுவன நம்முடைய கோப்புகளே. வைப்பவர் நாமல்லர் என்பதே வேறுபாடு.

இதன் வரலாறு இணையம் பரவுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1989 டிசம்பரில் ஜோசப் பாப் என்பவர் ஏறத்தாழ 20,000 நெகிழ்வட்டுகளைப் பல நாடுகளில் உள்ளோருக்கு அஞ்சலில் அனுப்பினார். எய்ட்ஸ் நோய் குறித்த தகவல் வட்டு என்று அவற்றின்மேல் எழுதப்பட்டிருந்தது. வட்டை நிறுவிய கணினியை ஏறத்தாழ 90 முறை இயக்கியபின், கோப்புகளின் பெயர்கள் உருக்குலைந்து மறைந்தன. பனாமா நாட்டில் உள்ள ஓர் அஞ்சல் பெட்டிக்கு 189 டாலர் அனுப்புமாறு திரையில் ஆணை தோன்றியது. அந்த நிரல் கோப்புகளின் உள்ளடக்கத்தைத் தொடவே இல்லை. பெயர்களை மட்டுமே குலைத்தது. எல்லாக் கணினிகளிலும் ஒரே திறவுகோலே பயன்பட்டமையால் அதைச் சரிசெய்யும் நிரலும் விரைவில் உருவாகி இலவசமாகக் கிடைத்தது. ஆயினும் இத்தாலியில் ஓர் ஆய்வு நிறுவனம், அச்சத்தால் தன் கணினிகளைத் துடைத்தழித்துப் பத்தாண்டு ஆய்வுத் தரவுகளை இழந்ததாக அக்காலச் செய்திகள் தெரிவிக்கின்றன. தீநிரல் செய்யாத அழிவை அச்சம் செய்தது.

இன்றைய தீநிரல்கள் அத்தகைய எளியவை அல்ல. அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டை எண்ணிப் பாருங்கள். அதை எவரும் பூட்டலாம். திறக்க மட்டும் சாவி வேண்டும். மறைகுறியாக்கத்தில் பூட்டுவதற்கு ஒரு திறவுகோலும் திறப்பதற்கு வேறொரு திறவுகோலும் அமையும் முறை உண்டு. தாக்குவோர் பூட்டை மட்டும் நம் கணினிக்குள் அனுப்பிவிட்டுச் சாவியைத் தம்மிடம் வைத்துக்கொள்கின்றனர். முறையாகச் செய்யப்பட்ட பூட்டை முயன்று உடைப்பது இன்றுள்ள கணினிகளால் இயலாது.

2017 மே 12 அன்று பரவிய ‘வான்னகிரை’ என்னும் தீநிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகளைத் தாக்கியது. பிரித்தானிய மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. ஒவ்வொரு கணினிக்கும் 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்கப்பட்டது; சில நாளில் அது 600 ஆகும் என்ற மிரட்டலும் உடன் வந்தது. அத்தீநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் மேம்படுத்தலை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரு மாதங்களுக்கு முன்பே, மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. ‘பின்னர் நினைவூட்டு’ என்று நாம் நாள்தோறும் தள்ளிவைக்கிறோமே, அத்தகைய மேம்படுத்தல்தான் அது. பணம் செலுத்தியோர் நிலையும் நோக்கத்தக்கது. எல்லோரிடமிருந்தும் வந்த தொகை ஒருசில பிட்காயின் முகவரிகளிலேயே குவிந்தது. எந்தத் தொகை எவருடையது என்று பிரித்தறிய முறையான வழி அமைக்கப்படவில்லை. பணம் கொடுத்தவருக்குச் சாவி தரவேண்டும் என்ற எண்ணமே வலுவாக இல்லாதவரிடம் பேரம் பேசுவதால் யாது பயன்?

தமிழ்நாட்டிலும் இது நேர்ந்துள்ளது. 2021 செப்டம்பரில் தலைமைச் செயலகத்தின் பொதுத்துறைக் கணினிகள் இத்தகைய தாக்குதலுக்கு உள்ளாயின. 1,950 டாலர் மறையீட்டு நாணயமாகக் கேட்கப்பட்டது. 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சேவையகங்கள் முடங்கின. புறநோயாளிப் பதிவு முதல் ஆய்வக முடிவு வரை எல்லாம் பல நாள்கள் தாளிலும் எழுதுகோலிலும் நடந்தன. அம்மருத்துவமனையின் தரவுகள், தாக்குதலுக்கு ஆட்படாத காப்புநகல் சேவையகம் ஒன்றிலிருந்து மீட்கப்பட்டதாக நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. நம் மடிக்கணினிக்கும் இதுவே பொருந்தும். பாடக்குறிப்புகள், சான்றிதழ்கள், குடும்பப் படங்கள் ஆகியவற்றின் படி ஒன்றை வெளிவன்தட்டில் எடுத்து, எடுத்தவுடன் அதைக் கணினியிலிருந்து கழற்றி வைத்துவிட வேண்டும். இணைந்தே இருக்கும் வன்தட்டைத் தீநிரல் சேர்த்தே பூட்டிவிடும்.

வீட்டுக் கணினிகளுக்குள் இது பெரும்பாலும் இலவசம் என்ற பெயரிலேயே நுழைகிறது. விலைகொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளையோ விளையாட்டையோ ‘கிராக்’ செய்து தருவதாகக் கூறும் தளங்களே அதன் முதன்மையான வாயில். நுழைந்துவிட்டது எனத் தெரிந்தால் முதலில் இணையத் தொடர்பைத் துண்டிக்க வேண்டும். அதே வலைப்பின்னலில் உள்ள பிற கணினிகளாவது தப்பும். பூட்டிய கோப்புகளை அழித்துவிடாமல் வைத்திருப்பது நன்று. நெதர்லாந்து காவல்துறையும் யூரோபோலும் கணினிப் பாதுகாப்பு நிறுவனங்களும் இணைந்து 2016இல் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ என்னும் இணையதளம், பல தீநிரல்களுக்கான திறவுகோல்களை இலவசமாக வழங்குகிறது. இன்று திறக்காத பூட்டு நாளை திறக்கக்கூடும்.

மனிதர்

மூன்றாவது வகையில் கணினிக்கு எக்கேடும் இல்லை. பூட்டப்படுபவர் மனிதர். மூன்றனுள் இதுவே கொடிது.

‘உங்கள் பெயரில் வந்த பொட்டலத்தில் போதைப்பொருள் இருந்தது’ என்றோ, ‘உங்கள் ஆதார் எண்ணைக் கொண்டு தொடங்கிய கணக்கில் கறுப்புப்பணம் புழங்கியுள்ளது’ என்றோ ஓர் அழைப்பு வரும். அது காணொளி அழைப்பாக மாறும். திரையில் காவல் சீருடை, பின்னால் துறையின் சின்னம், மேசைமேல் கோப்புகள். ‘நீங்கள் டிஜிட்டல் கைது செய்யப்பட்டுள்ளீர்கள். கேமராவை விட்டு அகலக் கூடாது. எவரிடமும் சொல்லக் கூடாது’ என்று ஆணை பிறக்கும். கணக்கிலுள்ள பணத்தைச் ‘சரிபார்ப்புக்காக’ வேறொரு கணக்கிற்கு மாற்றச் சொல்வர்.

படிப்பறிவில்லாதவரே இதில் ஏமாறுவர் என்று கருதுதல் தவறு. வர்த்தமான் நூற்பாலைக் குழுமத்தின் தலைவரும் பத்மபூஷண் விருது பெற்றவருமான எஸ்.பி. ஓஸ்வால் 2024இல் 7 கோடி ரூபாயை இவ்வாறு இழந்தார். அவருக்குக் காணொளியில் போலி உச்ச நீதிமன்ற விசாரணையே நடத்திக் காட்டப்பட்டது. உடனே புகார் செய்தமையால் 5 கோடிக்கு மேல் மீட்கப்பட்டது. வாழ்நாளெல்லாம் ஆயிரக்கணக்கானோரை மேலாண்மை செய்தவரையும் அச்சமும் தனிமையும் இரண்டே நாளில் பணியவைத்துவிட்டன.

காணொளி வழியாக ஒருவரைக் கைது செய்ய நம் நாட்டுச் சட்டம் எதிலும் இடமில்லை. எந்தக் காவல் அலுவலரும், எந்த நீதிமன்றமும் தொலைபேசியில் பணத்தை மாற்றச் சொல்வதில்லை. 2024 அக்டோபர் 27 அன்று ‘மனதின் குரல்’ வானொலி உரையில் பிரதமரே இதை விளக்க வேண்டிய அளவிற்கு இக்குற்றம் பெருகியது. 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இவ்வழக்குகளை விசாரிக்குமாறு மத்தியப் புலனாய்வுத் துறைக்கு ஆணையிட்டது.

முதியோரைப் பூட்டுவது வழக்கு என்னும் அச்சம் எனில், இளையோரைப் பூட்டுவது நாணம். சமூக ஊடகத்தில் நட்புக்கொண்ட எவரோ ஒருவர், நம் படத்தை உருமாற்றி வைத்துக்கொண்டு, பணம் தராவிடில் எல்லோருக்கும் அனுப்பிவிடுவேன் என்கிறார். உடனடிக் கடன் செயலிகளும், கைப்பேசியிலுள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் எடுத்துக்கொண்டு இவ்வாறே மிரட்டுகின்றன. வகுப்பறையில் இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம், ‘ஐயா, என் நண்பன் ஒருவனுக்கு இப்படி நடந்தது’ என்று தயங்கித் தொடங்கும் மாணவர் ஒருவரையேனும் கண்டிருக்கிறேன். அந்த நண்பன் யார் என்று நான் கேட்பதில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. முதல்முறை பணம் கொடுத்ததும் மிரட்டல் நின்றதா என்று மட்டும் கேட்பேன். நின்றது என்று எவரும் சொன்னதில்லை. ஒருமுறை கொடுப்பவர் மறுமுறையும் கொடுப்பார் என்பதே பறிப்பவர் கற்கும் பாடம்.

இந்நிலையில் பணம் தரவும் கூடாது. உரையாடலை அழித்துவிடவும் கூடாது. செய்திகளையும் மிரட்டுபவரின் கணக்குப் பெயரையும் திரைப்பிடிப்பாக எடுத்து வைத்துக்கொண்டு, பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ அன்றே சொல்லிவிட வேண்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரின் படங்கள் பரவாமல் தடுக்க ‘டேக் இட் டவுன்’ என்னும் இலவசச் சேவை உள்ளது. அதற்குப் படத்தை அனுப்ப வேண்டியதில்லை. படத்திலிருந்து கணிக்கப்படும் எண்கோவை மட்டும் அனுப்பப்படும். பங்கேற்கும் சமூக ஊடக நிறுவனங்கள் அதைக்கொண்டு அப்படத்தைக் கண்டறிந்து நீக்கும்.

மூன்று வகையிலும் பொதுவாக அமைந்தவை இரண்டு. ஒன்று, ‘உடனே’ என்னும் சொல். மற்றொன்று, ‘யாரிடமும் சொல்லாதே’ என்னும் கட்டளை. சிவந்த திரையில் ஓடும் கடிகாரமும், இருமடங்காகும் பிட்காயின் தொகையும், ‘இன்றிரவு 9 மணிக்கு மின்னிணைப்பு துண்டிக்கப்படும்’ என்னும் குறுஞ்செய்தியும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. சிந்திப்பதற்கும் கேட்டறிவதற்கும் வேண்டிய பொழுதைப் பறிக்கின்றன. தேநீர்க் கடையிலிருந்து திரும்பிய மைய உரிமையாளரிடம், ‘அண்ணா, இதைக் கொஞ்சம் பாருங்க’ என்று மாணவி சொன்ன அளவிலேயே அம்மிரட்டலின் வலு குறைந்துவிடுகிறது.

பணம் போகும் வழி

ஏமாந்தவர் அனுப்பிய பணம் ஒரே கணக்கில் தங்குவதில்லை. சில நிமிடங்களில் பல கணக்குகளாகப் பிரிந்து, அங்கிருந்து மேலும் பிரிந்து, இறுதியில் ரொக்கமாகவோ மறையீட்டு நாணயமாகவோ வெளியேறுகிறது. இந்த ஓட்டத்தை இடையில் தடுக்கவே 1930 என்னும் உதவி எண் ஏற்படுத்தப்பட்டுள்ளது. அதில் புகார் பதிந்தவுடன் தொடர்புடைய வங்கிக்குச் செய்தி செல்கிறது; பணம் இன்னும் அங்கே இருந்தால் முடக்கப்படுகிறது. அடுத்த கணக்கிற்குச் சென்றிருந்தால் அவ்வங்கிக்குச் செய்தி செல்கிறது. பணமும் புகாரும் ஓடும் ஓட்டப்பந்தயம் இது. 2024ஆம் ஆண்டில் மட்டும் இணையவழி மோசடிகளால் இந்தியர் இழந்தது ஏறத்தாழ 22,845 கோடி ரூபாய் என்று நடுவண் அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. நாணத்தால் ஓர் இரவு பொறுத்திருந்து மறுநாள் புகார் செய்வோர் அப்பந்தயத்தில் தோற்றுவிடுகின்றனர்.

பிரிந்தோடும் பணத்திற்கு வழிவிடும் கணக்குகள் எவருடையவை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ‘உன் கணக்கைச் சில நாள் கொடு, மாதம் சில ஆயிரம் தருகிறேன்’ என்று யாரேனும் கேட்டால், கேட்கப்படுவது இத்தகைய கணக்கே. கல்லூரி மாணவர்களும் வேலை தேடும் இளைஞர்களும் தம் வங்கி அட்டையையும் சிம் அட்டையையும் கொடுத்துவிட்டு, பின்னர்க் காவல்துறை வீட்டு வாசலில் நிற்கும்போதுதான் செய்தி அறிகின்றனர். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு, கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது. ‘எனக்குத் தெரியாது’ என்பதை மெய்ப்பிக்கும் சுமை கணக்குக்காரர் தலையிலேயே விழக்கூடும்.

மறுமுனையில் பேசுபவரும் தம் விருப்பத்தால் அங்கிருப்பவர் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ‘தாய்லாந்தில் தரவுப்பதிவு வேலை’ என்னும் விளம்பரத்தை நம்பிச் சென்ற தமிழக இளைஞர்கள், மியான்மரின் மியாவடிப் பகுதிக்குக் கடத்தப்பட்டு, அயலாரை இணையத்தில் ஏமாற்றும் வேலையில் வலிந்து அமர்த்தப்பட்டனர். மறுத்தோர் துன்புறுத்தப்பட்டனர். அவர்களுள் ஒரு குழுவினர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தனர். வெளிநாட்டு வேலைக்குச் செல்வோர், அழைத்துச் செல்லும் முகவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்று பார்க்க வேண்டியதன் தேவை இதனால் விளங்கும்.

புகார் செய்யும் முறை கடினமானதன்று. 1930ஐ அழைத்தபின், தேசிய இணையவழிக் குற்றப் புகார்த் தளத்திலும் விவரங்களைப் பதியலாம். வானூர், திண்டிவனம் பகுதியினர் விழுப்புரத்தில் உள்ள இணையவழிக் குற்றக் காவல் நிலையத்தை நேரிலும் அணுகலாம். செல்லும்போது, பணம் சென்ற நாளும் நேரமும், யுபிஐ பரிமாற்றத்தின் பன்னிரண்டு இலக்க எண், மிரட்டியவரின் தொலைபேசி எண், திரைப்பிடிப்புகள், வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டும். வங்கிக்கும் எழுத்து வடிவில் தெரிவித்து, அதற்குரிய ஒப்புகையைப் பெறுதல் வேண்டும். புகாரை எழுதுகையில் நிகழ்ந்ததை நிகழ்ந்த வரிசையிலேயே எழுதுங்கள். நாம் செய்த தவறு எனக் கருதி, அனுப்பிய கடவுச்சொல்லையோ நிறுவிய செயலியையோ மறைத்துவிடலாகாது. பணம் சென்ற தடத்தைக் காவலர் தேடத் தொடங்குவது பெரும்பாலும் அவ்விடத்திலிருந்தே. புகாருக்குத் தரப்படும் பதிவு எண்ணைக் கைப்பேசியில் மட்டுமன்றி ஒரு தாளிலும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.